மலையகத்தில் விமான நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டிப் பக்கத்திலும் நுவரெலியாவிலும் உள்நாட்டு விமான நிலையம் அமைக்கும் பேச்சு காலத்துக்குக் காலம் எழுவதும் அடங்குவதும் மலையகத்தில் எல்லோரும் அறிந்ததே. அவ்வாறு எழும்போதெல்லாம் தோட்டங்களிலும் நகரத்துக் கடைகளிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நகரத் திட்டமிடல் படித்தவன் என்ற முறையில் நான் அளித்துவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்து லயனில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளில், பிறந்தவன். ஆகவே ஓடுபாதையின் நீளத்தைக் கணக்கிடும்போதும் அந்த நீளத்துக்குள் எத்தனை லயன்கள் அடங்கும் என்ற எண்ணம் என்னை விட்டு அகல்வதில்லை.

விமான நிலையத்துக்கான நீண்டகாலத் திட்டம் என்றால் என்ன? கட்டட வரைபடமும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. எதைக் கட்டப்போகிறோம் என்பதைக் கட்டட வரைபடம் காட்டும். அலுவலகங்களில் மாஸ்டர் பிளான் என்று சொல்லப்படும் பெருந்திட்டமோ, எதை எப்போது கட்டுவது, எதை இப்போதைக்குக் கட்டாமல் விடுவது, பின்னொரு நாள் கட்ட நேர்ந்தால் அதற்குரிய இடம் அன்றும் வெறுமையாக இருக்க என்ன செய்வது என்பவற்றைத் தீர்மானிக்கும் ஆவணமாகும். பொதுவாக அது 20 ஆண்டுகளை நோக்கி எழுதப்படுகிறது. முதல் 5 ஆண்டுகளுக்கு விரிவாகவும், 10 ஆண்டுகளுக்குச் சற்றுத் தளர்வாகவும், 20 ஆண்டுகளுக்கு ஒரு திசைகாட்டியாகவும் அமைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தி எழுதுவது வழக்கம்.

இத்தகைய திட்டம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமான நிலையத்திற் காணலாம். 1930களில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தைச் சுற்றி வீடுகளும் தொழிற்சாலைகளும் நெருங்கி வளர்ந்தன. ஒரு முனையில் காலி வீதி குறுக்கிட்டது. ஏறத்தாழ 1,800 மீற்றர் நீளமான ஓடுபாதையை அதற்குமேல் நீட்ட வழியில்லாமற்போனது. பெரிய ஜெட் விமானங்களின் காலம் வந்தபோது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்திருந்த கட்டுநாயக்க தளமே நாட்டின் சர்வதேச நுழைவாயிலாக வளர்க்கப்பட்டது. ஓடுபாதை சிறியதாய்த் தொடங்குவதில் தவறில்லை. அது வளரக்கூடிய திசையை யாரும் காத்து வைக்காததே தவறு.

20 ஆண்டுகளுக்குப் பிறகு எத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்பதை இன்றைக்கே எவ்வாறு அறிவது?

ஒற்றை எண்ணாக எவராலும் அறிய முடியாது. கடந்த ஆண்டுகளின் பயணிகள் தொகை, மக்களின் வருமானம், சுற்றுலாப் பயணிகளின் வருகை, வெளிநாட்டு வேலைவாய்ப்பு, விமானக் கட்டணம் ஆகியவற்றைக் கொண்டு உயர்வான, நடுத்தரமான, தாழ்வான என மூன்று கணிப்புகளேனும் செய்யப்பட வேண்டும். நம் நாட்டின் அண்மைக்கால வரலாறே இதற்குக் காரணம் சொல்லும். 2018இல் கட்டுநாயக்கவைப் பயன்படுத்தியோர் தொகை 10 மில்லியனைத் தாண்டியிருந்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்தன. 2020 மார்ச்சிலிருந்து பெருந்தொற்றினால் வழமையான பயணிகள் சேவைகள் நின்றன. 2022இல் பொருளாதாரமே சரிந்தது. 2018இல் அமர்ந்து நேர்கோடு ஒன்றை மேல்நோக்கி வரைந்தவர் எவரும் இம்மூன்றையும் கண்டிருக்க முடியாது.

எனவே நல்ல பெருந்திட்டம் கட்டுமானங்களை ஆண்டுகளோடு கட்டிவைக்காமல் பயணிகள் தொகையோடு கட்டிவைக்கும். இருக்கும் கொள்ளளவில் 60 வீதம் நிரம்பும்போது அடுத்த கட்டத்துக்கான விரிவான திட்டமிடலையும், 80 வீதம் நிரம்பும்போது கட்டுமானத்தையும் தொடங்குவது திட்டமிடுவோர் பரவலாகக் கையாளும் அளவுகோல். கட்டுநாயக்கவின் பழைய முனையக் கட்டடம் ஆண்டுக்கு 6 மில்லியன் பயணிகளுக்கென அமைந்தது. மேலும் 9 மில்லியன் பேரை ஏற்கும் இரண்டாவது முனையத்தின் பணி ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கி, 2022இல் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாமற்போனபோது நடுவில் நின்றது. 80 வீதத்தில் தொடங்கியிருக்க வேண்டிய வேலை கொள்ளளவு மீறி நீண்டகாலம் கழித்தே தொடங்கியதன் விலையை, புறப்பாட்டு வரிசைகளில் நின்றவர்கள் ஒவ்வொரு நாளும் செலுத்தினார்கள்.

மத்தளவில் நடந்தது என்ன? அங்கும் திட்டமிட்டுத்தானே கட்டினார்கள்?

2013 மார்ச் 18ஆம் திகதி திறக்கப்பட்ட மத்தள சர்வதேச விமான நிலையத்துக்கு 3,500 மீற்றர் ஓடுபாதையும், ஆண்டுக்கு 1 மில்லியன் பயணிகளை ஏற்கும் முனையமும் அமைக்கப்பட்டன. செலவு 209 மில்லியன் அமெரிக்க டொலர். அதிற் பெரும்பகுதி சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். பொறியியல் நோக்கில் அது குறைவான நிலையமன்று. ஆயினும் விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகி, 2018இல் கடைசி வழமையான சர்வதேச சேவையும் நின்றது. இடையில் ஒரு காலத்தில் அதன் சரக்குக் கட்டடம் நெல் சேமிக்கப் பயன்பட்டது.

அங்கு ஓடுபாதை வந்த அளவுக்கு அதனைச் சுற்றி மக்கள் தொகையோ தொழிலோ ஹோட்டல்களோ வந்து சேரவில்லை. அவை வரும் என்ற நம்பிக்கையில் முழு அளவிலான நிலையத்தை ஒரே கட்டமாகக் கட்டிவிட்டார்கள். நிலத்தை முழுமையாக ஒதுக்கி, ஓடுபாதையையும் முனையத்தையும் கட்டங்கட்டமாக வளர்த்திருந்தால் கணிப்பு பொய்த்தாலும் கடன்சுமை இவ்வளவு ஏறியிருக்காது. மத்தளவைக் காட்டி, திட்டமிடலே வீண் என்று வாதிடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அங்கு விடுபட்டது வருவோர் யார் என்ற கேள்வி; அதைக் கேட்பதுதான் திட்டமிடலின் முதல் வேலை.

மலையகத்தில் ஓடுபாதை அமைக்க இயலுமா?

இயலும் இடமும் உண்டு, இயலாத இடமும் உண்டு. எங்கே அமைத்தாலும் தாழ்நிலத்தை விடச் செலவு கூடும். உயரம் கூடக்கூடக் காற்று அடர்த்தி குறைவதால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் இயந்திரத்தின் வலுவும் குறைகின்றன. விமானம் மேலும் வேகமாக ஓடினால்தான் எழ முடியும். அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டலின்படி, கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஓடுபாதையின் நீளத்தில் 7 வீதம் கூட்ட வேண்டும். அந்த உயரத்துக்கெனக் கணக்கில் கொள்ளப்படும் நியம வெப்பநிலையைவிட ஒவ்வொரு பாகை செல்சியஸ் கூடுதலுக்கும் 1 வீதமும், ஓடுபாதையின் சராசரிச் சாய்வு ஒவ்வொரு வீதத்துக்கும் 10 வீதமும் அதன்மேற் கூட்ட வேண்டும்.

இதை நுவரெலியாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். நகரின் உயரம் ஏறத்தாழ 1,868 மீற்றர். கடற்கரையில் 1,000 மீற்றர் போதுமான ஒரு சிறிய விமானத்துக்கு அங்கே உயரத்துக்காக மட்டும் சுமார் 44 வீதம் கூட்ட வேண்டும். நுவரெலியா குளிர்ந்த ஊராயிற்றே, வெப்பநிலைக்காக எதையும் கூட்ட வேண்டியிராதே என்று நண்பரொருவர் கேட்டார். ஆனால் அந்த உயரத்துக்குரிய நியம வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகைதான். வெயில்மாதப் பகல் உச்சத்தை 22 பாகை எனக் கொண்டால் 19 பாகை கூடுதல். ஆகவே நீளம் சுமார் 1,700 மீற்றராகிறது. ஓடுபாதை 1 வீதம் சாய்ந்திருந்தால் 1,880 மீற்றரை நெருங்கிவிடும். உயரத்துக்கும் வெப்பநிலைக்குமான மொத்தத் திருத்தம் 35 வீதத்தைத் தாண்டினால் இந்த எளிய கணக்கை நம்பாமல் அந்த இடத்துக்கென்றே தனி ஆய்வு நடத்த வேண்டும் என்று அதே வழிகாட்டல் கூறுகிறது. நுவரெலியா அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் நிற்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலேயே இருப்பதால் அங்கே உயரத்துக்கான திருத்தம் 12 வீதத்துக்குள் அடங்கும்.

நீளத்தை விடக் கடினமான தடை சூழவுள்ள மலைகள். பெரிய ஓடுபாதையின் மட்டத்திலிருந்து 45 மீற்றருக்கு மேல், 4 கிலோமீற்றர் சுற்றுவட்டத்துக்குள் எதுவும் உயர்ந்து நிற்கலாகாது என்பது பொது நெறி. கருவிகளின் துணையோடு விமானம் இறங்கும் திசையில் முதல் 3 கிலோமீற்றர் வரை தடையற்ற பரப்பு வெறும் 2 வீதச் சரிவிலேயே மேலெழ வேண்டும். 2,524 மீற்றர் உயரமான பிதுருதாலகாலை நுவரெலியா நகரை ஒட்டியே நிற்கிறது. ஏறத்தாழ 650 மீற்றர் உயர வேறுபாடு. தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கியும் தொலைபேசிக் கோபுரமும் ஓங்கி வளர்ந்த யூகலிப்டஸ் தோப்பும் அகற்றக்கூடியவை. மலையை அகற்ற இயலாது. சில இடங்களில் தனி ஆய்வின் பேரில் விலக்கு அளிக்கப்படுவதுண்டு. அப்போது குறிப்பிட்ட விமான வகைகள், குறிப்பிட்ட நேரம், அதற்கெனப் பயிற்றப்பட்ட விமானிகள் என்று பயன்பாடு சுருங்கிவிடும். நேபாளத்தின் லுக்லாவில் 527 மீற்றர் ஓடுபாதையில் விமானங்கள் இறங்குகின்றனவே என்று கேட்போர் உண்டு. இறங்குபவை சிறிய விமானங்கள். வானிலை கெட்டால் பயணிகள் நாட்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நமது மலைகள் விமானங்களுக்கு என்ன செய்யக்கூடும் என்பதை மஸ்கெலியாப் பகுதியில் முதியவர்களிடம் கேட்டறியலாம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்கவில் இறங்க வந்த டச்சு நிறுவனமொன்றின் டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் இறந்தனர். அவர்கள் போய்ச்சேர வேண்டிய ஓடுபாதை கடற்கரைக்கு அருகில், அம்மலையிலிருந்து வெகுதொலைவில் இருந்தது.

ஒரு தேயிலை மலையை வெட்டிச் சமப்படுத்தினால் போதாதா?

வெட்டலாம், வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி நிரப்பி, மேசை போன்ற ஒரு தளத்தையும் உண்டாக்கலாம். மேசையின் விளிம்பில் என்ன நடக்கிறது என்பதே கவலை. 2010 மே 22இல் மங்களூரிலும் 2020 ஆகஸ்ட் 7இல் கோழிக்கோட்டிலும் இத்தகைய மேசைத்தள ஓடுபாதைகளின் முடிவைத் தாண்டிய விமானங்கள் பள்ளத்தில் விழுந்து உடைந்தன. மங்களூரில் 158 பேர் இறந்தார்கள். சமவெளியில் ஓடுபாதையைத் தாண்டும் விமானம் பெரும்பாலும் புல்வெளியில் நின்றுவிடும். ஆகவேதான் ஓடுபாதைக்கு அப்பால் 60 மீற்றர் நீளமான சமதரைத் துண்டும், அதற்கும் அப்பால் குறைந்தது 90 மீற்றர் பாதுகாப்புப் பரப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. பெரிய ஓடுபாதைகளுக்கு அப்பரப்பு 240 மீற்றர் இருப்பதே பரிந்துரை. மலையுச்சியில் ஒவ்வொரு முனையிலும் அந்த 300 மீற்றரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அரசியல் மேடைகளில் சொல்லப்படும் ஓடுபாதை நீளங்களில் இந்தப் பரப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதை நான் இதுவரை கேட்டதில்லை.

மண்சரிவு மற்றொன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களின் மீது மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. சரிவின் அடியை வெட்டுவதும் தலைப்பாகத்தில் மண்ணைக் கொட்டுவதும், மழைநீர் இயல்பாக இறங்கிய ஓடைகளை அடைப்பதும் ஒரு சரிவை நிலைகுலையச் செய்யும் காரணங்கள். ஓடுபாதை அமைப்பதில் இம்மூன்றும் சேர்ந்தே நடக்கக்கூடும். 45 மீற்றர் அகலமும் 2 கிலோமீற்றர் நீளமும் கொண்ட தார்ப் பரப்பின் மீது 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 கன மீற்றர் நீர் வழிந்தோடும். அந்த நீர் எந்த ஓடை வழியே, எந்த லயனுக்குப் பக்கத்தால் இறங்கும் என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களின் மேல் வரைந்து காட்டாத எந்தத் திட்டத்தையும் மலையகம் ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பனிமூட்டமும் பருவமழையும் விமான சேவையைத் தடுக்காதா?

தடுக்கும். எத்தனை நாள், எந்த மணிநேரங்களில் என்பதே திட்டத்துக்கு வேண்டிய தகவல். மேற்குச் சரிவான வட்டவளை, ஹட்டன் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை பொழியும் காலத்தில் ஊவாப் பக்கம் வறண்டு காற்று வீசும். வடகீழ்ப் பருவத்தில் பதுளைப் பக்கம் நனையும். ஆகவே கொழும்பின் வானிலைப் பதிவை வைத்துக்கொண்டு மலையகத்துக்கு ஓடுபாதை வரைய முடியாது. பண்டாரவளையின் பதிவை வைத்துத் தலவாக்கலைக்கும் வரைய முடியாது. பக்கக்காற்றினால் ஓடுபாதை பயன்படாமற்போகும் நேரம் 5 வீதத்துக்கு மேற்படாதவாறு அதன் திசை அமைய வேண்டும். அதற்கு, தெரிவுசெய்த அதே இடத்தில் குறைந்தது ஐந்தாண்டுக் காற்றுப் பதிவு இருப்பது விரும்பத்தக்கது. இந்த ஆண்டு அறிவித்து அடுத்த ஆண்டு அடிக்கல் நாட்டும் திட்டங்களில் இந்த ஐந்தாண்டு எங்கே போனது என்று கேளுங்கள்.

லயனில் வாழும் எங்களிடம் காணி உறுதி இல்லை. தோட்டத்து நிலம் எடுக்கப்பட்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. தனியார் நிலத்தை அரசு எடுப்பதாயின் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் பொருந்தும். 2ஆம் பிரிவின் கீழ் ஆய்வுக்கான அறிவித்தல், 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபனைக்கான அறிவித்தல், 7ஆம் பிரிவின் கீழ் உரிமை கோருவதற்கான அறிவித்தல் என அது படிப்படியாக நடக்கும். அவசரமென்று கருதினால் 38 (அ) பிரிவின் கீழ் நிலத்தை முன்னதாகவே கையேற்கவும் முடியும். ஆனால் பெருந்தோட்ட நிலங்களிற் பெரும்பகுதி ஏற்கெனவே அரசுக்குச் சொந்தமானது. கம்பனிகள் அதைக் குத்தகைக்கே வைத்திருக்கின்றன. அரசு தன் நிலத்தைத் தானே சுவீகரிக்க வேண்டியதில்லை. குத்தகை நிலத்தில் ஒரு பகுதியைக் கம்பனியிடமிருந்து திரும்பப் பெற்றால், நான்கைந்து தலைமுறையாக அங்கே வாழும் குடும்பத்தின் கதவில் எந்த அறிவித்தலும் ஒட்டப்படாமலே காரியம் முடிந்துவிடக்கூடும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வீதி அகலிப்புக்காக லயனின் இஸ்தோப்புக்கு எதிரே அளவைக் கற்கள் நடப்பட்டன. அவை எதற்கென்று அம்மா தோட்டத்து அலுவலகத்தில் கேட்டபோது, தமக்குத் தெரியாது என்றார்கள்; கிராம உத்தியோகத்தரும் தமக்கு அறிவிக்கப்படவில்லை என்றார். பல மாதங்கள் கழித்து மரக்கறித் தோட்டத்தின் வேலி ஒரு நாள் பெயர்க்கப்பட்டபோதுதான் எங்களுக்கு விடயம் விளங்கியது. அந்தத் துண்டில் அம்மா கரட்டும் லீக்ஸும் பயிரிட்டு எங்கள் பாடசாலைச் செலவைச் சமாளித்திருந்தார். அதற்கு நட்டஈடு கேட்க, எழுத்தில் காட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே 2001இல் அமைச்சரவை அங்கீகரித்த தேசிய தன்விருப்பற்ற மீள்குடியேற்றக் கொள்கை இருக்கிறது. உறுதிப்பத்திரம் இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும், இழந்த வீட்டோடு இழந்த பிழைப்புக்கும் ஈடு கிடைக்க வேண்டும், 20 அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்படுவதாயின் முழுமையான மீள்குடியேற்றச் செயற்திட்டம் வேண்டும் என்பன அதன் நெறிகள். எனினும் அது கொள்கையே, சட்டமாக இயற்றப்பட்டதன்று. எனவே வசிப்பைக் காட்டும் சான்றுகளை இன்றே சேர்த்து வையுங்கள்: வாக்காளர் இடாப்புப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மின்சாரப் பட்டியல், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, நீங்கள் பயிரிடும் துண்டின் புகைப்படம்.

நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் எங்கள் வீட்டுத் திட்டங்கள் முடங்கிவிடாதா?

அந்த அச்சம் நியாயமானது. ஒதுக்கும் கலையில் இரு பக்கத்திலும் தவறியவர்கள் உண்டு. கனடாவில் மொன்றியல் நகருக்கென 1975இல் திறக்கப்பட்ட மிரபெல் விமான நிலையத்துக்காகக் கற்பனைக்கெட்டாத பரப்பில் விவசாய நிலம் கையகப்படுத்தப்பட்டது. எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. 2004இல் பயணிகள் சேவை நின்றது. 2014இல் முனையக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதி பின்னர் விவசாயிகளுக்கே திரும்ப விற்கப்பட்டது. இடையில் ஒரு தலைமுறை தன் நிலத்திலேயே குத்தகையாளராக வாழ்ந்து முடித்தது.

ஜப்பானின் நரிதா வேறு வகை. 1966இல் அரசு, அங்கு வாழ்ந்த விவசாயிகளுடன் கலந்துபேசாமல் இடத்தைத் தீர்மானித்து அறிவித்தது. எதிர்ப்பு வெடித்தது, இரு தரப்பிலும் உயிர்கள் போயின, 1978இல் ஒரே ஓடுபாதையுடன்தான் திறக்க முடிந்தது. விவசாயிகள் விட்டுக்கொடுக்காத காணிகளின் காரணமாக இரண்டாவது ஓடுபாதை 2002 வரை தாமதித்து, திட்டமிட்டதைவிடக் குறுகிய 2,180 மீற்றர் நீளத்துடன் தொடங்கியது. 1990களில் அரசு விவசாயிகளுடன் வட்டமேசையில் அமர்ந்து, தன் நடைமுறை தவறென்று ஒப்புக்கொண்ட பிறகே முன்னேற்றம் வந்தது. 1966இல் நடந்திருக்க வேண்டிய உரையாடல் அது.

மலையகத்தில் வீட்டுக்காக 7 பேர்ச்சஸ் நிலத்துக்கே பல்லாண்டுகள் காத்திருக்கும் மக்களிடம், ஒருவேளை வரக்கூடிய விமானத்துக்காக இந்த மலையைத் தொடாதீர்கள் என்று சொல்வதற்கு ஓர் எல்லை வேண்டும். ஒதுக்கீடு வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டு, வர்த்தமானியில் கால எல்லையுடன் அறிவிக்கப்பட வேண்டும். அக்காலம் முடிந்ததும் மறுபரிசீலனை செய்து, தேவையில்லையென்றால் விடுவிக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் இருப்போர் கூரை மாற்றவும் மலசலகூடம் கட்டவும் தடையிருக்கக்கூடாது. இவை இல்லாத ஒதுக்கீடு, காலவரையற்ற முடக்கமாகவே முடியும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில் சாதாரண மக்கள் கருத்துக் கூற முடியுமா?

முடியும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் விமான நிலைய நிர்மாணம் முன்னங்கீகாரம் பெறவேண்டிய திட்டங்களில் ஒன்று. மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாட்கள் வைக்கப்படும். அதற்குள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். ஆட்சேபிப்பதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. "எங்கள் குடிநீர் ஊற்று இந்த வரைபடத்தில் இல்லை" என்ற ஒரு வரி, பல பக்கங்களுக்கு நீளும் பொதுவான கண்டனத்தைவிட வலிமையானது. ஏனெனில் அதற்குக் குறிப்பாக விடையளித்தே ஆக வேண்டும்.

உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்குமா?

கட்டும்போது சிலருக்கு, கட்டிய பின் மிகச் சிலருக்கு. நாளுக்கு இரண்டு மூன்று சிறிய விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில் தீயணைப்பு, பாதுகாப்பு, தரைச்சேவை ஆகியவற்றுக்குத் தேவைப்படுவோர் தொகை ஒரு நடுத்தரத் தேயிலைத் தொழிற்சாலையின் ஆளணியை எட்டுமா என்பதே ஐயம். ஆண்டுக்கு 1 மில்லியனுக்குக் குறைந்த பயணிகளைக் கொண்ட விமான நிலையங்களிற் பெரும்பாலானவை உலகெங்கும் நட்டத்திலேயே இயங்குகின்றன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஓடுபாதை வேண்டாமென்றால் வேறு வழி உண்டா?

காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் கண்டிக்கருகே பொல்கொல்லையிலும் நீரில் இறங்கும் சிறிய விமானங்கள் சுற்றுலாப் பயணிகளை இறக்கியுள்ளன. மலையை வெட்டாமல், குடும்பங்களை எழுப்பாமல் இவ்வளவு சாத்தியமாயிற்று. ஹெலிகொப்டர் தளங்கள் நோயாளரை எடுத்துச் செல்லவும் வெள்ளம், மண்சரிவுக் காலங்களில் உதவி சேர்க்கவும் பயன்படும். ஆதார வைத்தியசாலைகளுக்கு அருகே அவற்றுக்கு இடம் ஒதுக்குவதையே மலையகத்தின் முதல் வான்வழித் தேவையாக நான் கருதுகிறேன்.

எஞ்சிய தேவை தரைவழியே தீர வேண்டியது. மலையகத்திலிருந்து விமானம் ஏறுவோரிற் பெருந்தொகையினர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் பெண்களும் ஆண்களுமே. பொகவந்தலாவையிலிருந்து ஒரு சித்தியை வழியனுப்ப வேன் பிடித்து, பின்னேரம் புறப்பட்டு, கினிகத்தேனை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுக்க, நள்ளிரவில் கட்டுநாயக்கவை அடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் கொடுக்கும் வேன் கூலி ஒரு மாதக் கொழுந்துச் சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது. அவர்களுக்கு நுவரெலியாவில் சுற்றுலா விமானம் இறங்குவதால் எந்த மாற்றமும் வராது. ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் கட்டுநாயக்கவுக்கு நேரம் தவறாத நேரடி பஸ் சேவையும், கண்டியை அதிவேக நெடுஞ்சாலையோடு இணைக்கும் வேலையின் நிறைவும், மலையக ரயில் பாதையிலிருந்து விமான நிலையத்துக்கு மாறிச் செல்லும் வசதியும் வந்தால் மாறும். விமான நிலையத்தின் நீண்டகாலத் திட்டம் அதன் வாயிற்கதவோடு முடிவதில்லை. பயணி வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்திலிருந்தே அது தொடங்க வேண்டும்.

திட்ட ஆவணம் ஒன்றை எவ்வாறு பெறுவது? கையில் கிடைத்தால் எதை முதலில் பார்ப்பது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் பொது அதிகாரசபையொன்றிடம், அதன் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, ஆவணத்தைக் கோரலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். விமான நிலையங்களை ஒழுங்குபடுத்துவது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. காணி பற்றிய கடிதங்களைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புங்கள்.

ஆவணம் கிடைத்ததும் முன்பக்கத்து வண்ணப் படங்களைக் கடந்து, பயணிகள் கணிப்பு அட்டவணைக்குச் செல்லுங்கள். ஒரே ஒரு நிரல் மட்டும் இருந்தால், தாழ்வான கணிப்பு எங்கே என்று கேளுங்கள். அடுத்து, எதுவும் உயர்ந்து நிற்கக்கூடாத தடைப் பரப்புகளைக் காட்டும் வரைபடத்தை விரித்து, உங்கள் தோட்டத்து டிவிஷன்களின் பெயர்கள் அதில் உள்ளனவா என்று பாருங்கள். பெயர்கள் இல்லையென்றால், ஓர் உள்ளூர் வரைபடத்தை எடுத்து, லயன்கள், பாடசாலை, கோயில், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், நீரூற்று, சுடுகாடு ஆகியவற்றைப் பேனையால் குறித்து, திகதியிட்டு, கையொப்பங்களுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியொன்றைத் தோட்டத்துப் பாடசாலை அதிபரிடம் கொடுத்து வையுங்கள்.